பாய்மரத்தின் பெயர்களை உன்னிடம் கேட்ட நாள்

நீ டிக்கெட் எடுத்துவிட்டாய் என்பது உன் பெரியப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீ என்னிடம் பேசி எட்டு நாளாகிறது. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை போலந்திலிருந்து கிளம்பி, புதன்கிழமை உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு யாங்கோன் வந்து இறங்கப்போகிறாய் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். வராதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வேண்டியது இந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் ஏன் வரக்கூடாது என்பதற்கும், நான் உனக்குச் செய்த தப்புகளுக்கும் எழுதுவது. இதைத் தமிழில், நோட்டில், பேனாவால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தெருமுனையில் போனைப் பிடுங்கிப் பார்க்கிற பட்டாளத்துக்காரர்களுக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது. உனக்கும் மெதுவாகத்தான் படிக்க வரும். எழுத்துக் கூட்டிப் படி. அவசரமில்லாமல் படித்தால்தான் இது உள்ளே போகும்.

முதலில் உனக்கே தெரிந்ததை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தது மறந்துபோகும். அங்கே தங்குவதற்கான அட்டைக்கு நீ கைரேகை கொடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அட்டை கைக்கு வருவதற்குள் அந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீதான் எனக்கு விளக்கினாய். இங்கேயோ, உன் வயது ஆண் ஒருவன் விமான நிலையத்தில் வந்து இறங்கினால் உள்ளே வருவது சுலபம், திரும்பிப் போவதுதான் நடக்காது. அதோடு வார்டு ஆபீஸில் குலுக்கிப் போட்ட சீட்டில் உன் பேர் விழுந்திருக்கிறது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பட்டியலில் உன் பேருக்கு நேரே ‘வெளிநாடு’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பேனாவில் இல்லை, பென்சிலில். அழித்துவிட்டு வேறு எழுத வசதியாக. நீ புதன்கிழமை வந்து, அன்றைக்கே அப்பாவின் சாம்பலை ஆற்றில் கரைத்தால், வியாழக்கிழமை உன்னை எந்தக் காட்டுக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான்கு வீடு தள்ளி இருந்த அந்தக் கிறிஸ்தவப் பையன், கிடார் வாசிப்பானே, அவனை எங்கே அனுப்பினார்கள் என்று அவன் தாய்க்கு இன்றுவரை சொல்லவில்லை.

உன் பேர் அந்தப் பட்டியலில் இருந்ததற்கு நான்தான் காரணம். இதை நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பட்டாளச் சட்டம் வரப்போகிறது, வீட்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள் என்று பேச்சு வந்தவுடனே கீழ் வீட்டுக்காரர்கள் எல்லாம் பையன்களின் பேரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஊருக்குப் போய்விட்டான், அத்தை வீட்டோடு போய்விட்டான் என்று ஏதோ காரணம் எழுதினார்கள். உன் அப்பாவும், “நாமளும் எடுத்துருவோம்” என்றார். நான் ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்றேன். பர்மாக்காரர்களுக்குப் பேரை எடுப்பது ஒன்றுமில்லை, திரும்பப் போய்ச் சேர்த்துக்கொள்வார்கள். நமக்கு அப்படியா? உனக்கு அடையாள அட்டை வாங்க நான் எத்தனை முறை அந்த அலுவலகத்துக்கு நடந்தேன் தெரியுமா? உன் அப்பாவின் பாட்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்துக் காகிதம் கொண்டுவா என்றார்கள். கொண்டுபோனால் அதில் ஒரு எழுத்து வேறு மாதிரி இருக்கிறது என்றார்கள். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர் ஆற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்தவளைப் பார்த்து, “நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டான் ஒருத்தன், என் தம்பி வயதுதான் இருக்கும். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பேரை என் கையால் அழிக்கச் சொன்னால் எப்படி மனசு வரும்? அந்தப் பட்டியலில் பேர் இருந்தால்தான் நாம் இந்த ஊர்க்காரர்கள் என்று நினைத்தேன். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், சீட்டுக் குலுக்கும்போது மட்டும். உன்னை மூன்றே வாரத்தில் ஏஜெண்டைப் பிடித்து, பாஷை தெரியாத குளிர்த் தேசத்துக்கு அனுப்ப வேண்டிவந்தது என் பிடிவாதத்தால்.

போன புதிதில் நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் உன் கண் மட்டும்தான் தெரியும். முகத்தில் முகமூடி, தலையில் வெள்ளைத் துணி, உடம்பு முழுக்கக் காகிதச் சட்டை. கண்ணாடி நாரும் பசையும் பூசி, பணக்காரர்களின் உல்லாசப் படகுக்கு உடம்பு செய்கிற பகுதியில் உன்னைப் போட்டிருந்தார்கள். தோல் அரிக்கிறது என்றாய். பிறகு இருமல் என்றாய். அந்தப் பட்டறையிலேயே பாயும் கயிறும் கட்டுகிற பகுதி இருக்கிறது, அங்கே காற்று நல்ல காற்று, அங்கே போனால் ஏஜெண்ட் இல்லாமல் நேரடியாக எடுத்துக்கொள்வார்கள், தங்குகிற அட்டைக்கும் எழுதிக்கொடுப்பார்கள், ஆனால் படகின் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர்கள் பாஷையில் பேர் தெரிந்திருக்க வேண்டும், மேஸ்திரி வாய்ப்பரீட்சை வைப்பார் என்று நீ சொன்ன அன்று, எனக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு பசித்தது.

நான் அலோன் படித்துறைக்குப் பக்கத்தில் லாரிக்கும் படகுக்கும் தார்ப்பாய் தைக்கிறவள். துணி, கயிறு, கயிறு கோக்கிற ஐலெட் வளையம், மடிப்பு எல்லாம் பதினெட்டு வருஷமாக என் கையில் இருப்பவை. அதனால் இதில் நானும் சேர்ந்துகொண்டேன். நீ பேரைச் சொல்ல, நான் நோட்டில் இடது பக்கம் தமிழில் அதன் வேலையையும் வலது பக்கம் நீ சொன்ன பேரையும் எழுதிக்கொண்டேன். பாய் என்றால் ஜாகியெல். மரம் மாஷ்ட். பாயை உச்சிக்கு ஏற்றுகிற கயிறு ஃபாவ். ஏறிய பாயின் கீழ் மூலையைப் பிடித்து இழுத்தும் விட்டும் காற்றுக்குச் சரி செய்கிற கயிறு ஷோட். மரம் பக்கவாட்டில் சாயாமல் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி வாந்தா. கயிற்றைச் சுற்றி மாட்டுகிற கொம்பு க்நாகா. படகின் பின்புறம் ரூஃபா. “வெறும் கயிறுன்னு சொன்னா சிரிக்கிறாங்க மா. ஒவ்வொரு கயித்துக்கும் ஒரு பேரு இருக்கு” என்றாய். எங்கள் பட்டறையில் எல்லாமே கயிறுதான். ‘அந்தக் கயிறு’, ‘இந்தக் கயிறு’, ‘டேய் அது இல்ல, அந்தக் கயிறு’. அப்படித்தான் நாங்கள் வேலை செய்கிறோம்.

உன் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு மாலை ஐந்தரை. அந்த நேரத்துக்கு நான் வேலையிலிருந்து ஓடி வந்துவிடுவேன். உன் அப்பா துறைமுக வேலையிலிருந்து வந்து, லோன்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேநீர்க் கோப்பையோடு எனக்குப் பக்கத்தில் உட்காருவார். பரீட்சைக்கு நீ படித்தாய், பெயில் ஆனது அவர், ஒரு பேரும் அவர் வாயில் நிற்கவில்லை. முதல் வாரத்தில் நான் பாயைப் படம் போட்டு, நான்கு மூலையிலும் வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பேர் கேட்டேன். நீ மூன்றுக்குச் சொல்லிவிட்டு நிறுத்தினாய். உச்சி மூலைக்கு ஒன்று, மரத்தடி மூலைக்கு ஒன்று, வெளி மூலைக்கு ஒன்று.

“நாலாவது மூலை என்னடா?” என்றேன்.

“நாலாவது இல்லமா.”

“மறந்துட்டியா?”

“இல்லவே இல்லமா. பாய் முக்கோணம்.”

எனக்குப் புத்தியில் ஏறவில்லை. பதினெட்டு வருஷமாக நான் தைத்த எதற்கும் நான்கு மூலைக்குக் குறைந்ததில்லை. உன் அப்பா தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தார். “உங்கம்மா அந்த வெள்ளக்காரன் படகுக்கு லாரிப் படுதாவைக் கட்டி விட்டுருவா போலருக்கே! படகு போகுதோ இல்லையோ, சரக்கு நனையாது!” என்றார். நீயும் சிரித்தாய். பக்கத்தில் யாரோ நேபாளப் பையன் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து உன் சிரிப்பு வந்து இந்த வீட்டில் விழுந்த நாள் அது. அதற்குப் பிறகு பாயில் பொருத்துகிற உலோக வளையத்துக்கு ரெமிஸ்கா என்றும், ஓரத்தில் உள்ளே வைத்துத் தைக்கிற கயிற்றுக்கு லிக்லீனா என்றும் நீ சொன்னபோது நான் துள்ளினேன். அவை இரண்டும் என் வேலை. தினமும் செய்கிற வேலை. நான் பட்டறையில் ஐலெட் அடிக்கும்போதெல்லாம் வாய்க்குள் ரெமிஸ்கா, ரெமிஸ்கா என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். பக்கத்து மிஷினில் இருக்கிற டோ கின், “ஏதாச்சும் மந்திரமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு அப்போதே எரிந்தது. வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் ஏரியில் மிதந்துவிட்டு மற்ற நாளெல்லாம் மூடி வைக்கிற பொம்மைப் படகில் ஒரு ஆணிக்கும் ஒரு கொக்கிக்கும் பேர் வைத்திருக்கிறார்கள். உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டதற்கு, “ஆசியான்னு கூப்பிடுவாங்க மா. எங்க எல்லாரையுமே அப்படித்தான்” என்று சாதாரணமாகச் சொன்னாய். இங்கே பள்ளிக்கூடத்தில் உன் தமிழ்ப் பேர் வாயில் வரவில்லை என்று ஆசிரியை ஒரு பர்மாப் பேர் வைத்தாள். நாங்களும் சரி என்றோம். அங்கே அந்தப் பேரும் இல்லாமல் போயிற்று. நீ கோபப்படாமல் சொன்னதுதான் எனக்குக் கோபம். இதைக் கேட்டுக்கொள்: அவர்கள் படகின் பேர் அத்தனையையும் நீ கற்றுக்கொண்டவன். உன் பேர் ஒன்றை அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். பான் மாரெக் என்கிற அந்த மேஸ்திரியிடம் மரியாதையாகப் பேசு, ஆனால் உன் பேரைச் சொல்லி, திரும்பச் சொல்ல வை. நாங்கள் இதைச் செய்யவில்லை. துறைமுகத்தில் உன் அப்பாவை இருபத்தைந்து வருஷமாக ‘கலா’ என்று, இந்தியாக்காரர்களை இளக்காரமாகச் சொல்கிற அந்தப் பேரால்தான் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அவர் சிரித்தது தப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்ததும் தப்பு.

இப்போது உன் அப்பா போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ மன்னிக்காமல் இருப்பது அந்த நாளுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று என் வாயால் நீ கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். காலையில் கரண்ட் இல்லை. முதல் நாளும் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாவிட்டால் ஆறாம் மாடிக்குத் தண்ணீர் இல்லை. அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கீழே போய் இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு ஏறினார். நாலாம் மாடித் திருப்பத்தில் கேன் இரண்டையும் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாலாம் மாடிக்காரப் பெண் கத்தின சத்தம் கேட்டு நான் இறங்கி ஓடினேன். டாக்சிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டான், வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். இரண்டாவது இடத்தில் நிற்கும்போதே என் மடியில் அவர் கனம் மாறிவிட்டது. நாற்பத்தாறு வயது. இருதயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீர் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு நகரத்துக்கு விளக்கும் தண்ணீரும் கொடுக்க முடியாதவர்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

நம் வழக்கப்படி அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். உன் பெரியப்பா த்வாண்டேயிலிருந்து வந்து கொள்ளி வைத்தார். எல்லாம் முடிந்து நான் தலை முழுகி வரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வீடு நிறைய ஆட்கள். நீ கூப்பிடுவாய். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உன் பரீட்சை. போனை எடுக்காமல் விட்டால் நீ விடாமல் அடித்துக்கொண்டே இருப்பாய், பிறகு பக்கத்து வீட்டுக்கு அடிப்பாய், அங்கே யாராவது அழுதுகொண்டே சொல்லிவிடுவார்கள். நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டில் ஆள் இல்லாத இடம் நாலாம் மாடித் திருப்பம் ஒன்றுதான், அங்கே நிற்க எல்லோரும் பயந்தார்கள். கேன் இரண்டும் காலையிலிருந்து அங்கேயே இருந்தன. ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். நீ கூப்பிட்டாய். படம் தெரியாமல் குரல் மட்டும் வைத்தேன்.

“ஏன்மா மூஞ்சி காட்ட மாட்டேங்குற?”

“கரண்ட் இல்ல. இருட்டு.”

“அப்பா எங்க? சத்தத்தையே காணோம்.”

“தண்ணி தூக்கப் போனாரு.”

“ரெண்டு ரெண்டா தூக்க வேணாம்னு சொல்லுமா. ஒண்ணொண்ணா எடுக்கட்டும்.”

“சொல்றேன். நீ சொல்லு. மரத்தை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பி?”

“வாந்தா.”

படகு உறுப்புகள் நாற்பத்திரண்டுக்கும் பேர் கேட்டேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகக் கேட்டேன், பிறகு வரிசையை மாற்றியும் கேட்டேன். காற்று அதிகமானால் பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிச் சின்னதாக்குவதற்கு என்ன பேர் என்பதில் மட்டும் நீ தடுமாறினாய். அதை மூன்று முறை சொல்ல வைத்தேன். ரெஃப், ரெஃப், ரெஃப். மேலே உன் அத்தை ஒருத்தி ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். என்ன சத்தம் என்று கேட்டாய். யார் வீட்டிலோ டீவி என்றேன். கரண்ட் இல்லை என்று சொன்னதை நானே மறந்துவிட்டேன். நீ கவனிக்கவில்லை. உன் மனசு முழுக்க மறுநாள் இருந்தது. “யாடே மா, சரியாயிருச்சு, எல்லாம் வந்துருச்சு” என்று சந்தோஷமாக வைத்தாய். நான் அந்தக் கேனின் மேலேயே இருந்தேன். அந்த அரை மணி நேரம் அழாமல் இருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை. அது சரியான வேலையா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மறுநாள் நீ தேறிவிட்டாய் என்று செய்தி அனுப்பினாய். கயிற்றுப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்றாய். வெள்ளிக்கிழமை கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும் என்றாய். அப்பாவிடம் பேச வேண்டும் என்றாய். அவர் துறையில் இரவு வேலையில் இருக்கிறார் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை கைரேகை முடியட்டும், சனிக்கிழமை காலை நானே சொல்கிறேன் என்று நாள் குறித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரமே உன் பெரியப்பா உன்னைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு தாய் சொல்ல வேண்டியதை, “என்னடா தம்பி, இன்னும் கிளம்பலையா?” என்று கேட்டு அவர் சொல்லிவிட்டார். நீ எனக்கு அடித்தாய். ஒரே வாக்கியம் சொன்னாய். “அன்னிக்கு நீ என்கிட்ட பேரு கேட்டுக்கிட்டு இருந்தியேமா.” வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் குரல் எனக்கு இல்லை.

நீ சொன்னது சரிதான். உன் தகப்பன் சாம்பலாகிக்கொண்டிருக்கும்போது நான் உன்னிடம் பாய்க்கயிற்றுக்குப் பேர் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாள் உன்னுடைய நாள். அதை நான் எடுத்துக்கொண்டேன். உன்னை அழவிடாமல் வைத்தேன். அதற்கு நான் வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மறுபடி அதே செவ்வாய்க்கிழமை வந்தால் மறுபடி அதே படியில் உட்கார்ந்து அதே பேர்களைக் கேட்பேன். என் மேல் கோபமாக இரு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு. ஆனால் அங்கே இருந்துகொண்டு கோபப்படு.

உன் பெரியப்பா கெட்டவர் இல்லை. த்வாண்டேயில் பானைக் கடையும் நாலு வயலும் தவிர வேறு உலகம் தெரியாது. “பதினாறுக்குள்ள மகன் கையால சாம்பல் கரையணும், இல்லன்னா என் தம்பி ஆத்மா அலையும். ரெண்டு நாள் வந்துட்டுப் போகட்டுமே, பஸ்ஸு மாதிரி பிளேன் ஓடுது” என்றார். நான் கேட்டேன், “உங்க ரெண்டாவது மகனை தாய்லாந்துல இருந்து வரச்சொல்லுங்களேன், அவனும் சித்தப்பாவுக்கு வந்துட்டுப் போகட்டும்.” அவர் வெற்றிலையைக் கொஞ்ச நேரம் மென்றார். “அவனுக்கு அங்க லீவு கெடைக்காதும்மா” என்றார். எல்லோருக்கும் அவரவர் பிள்ளையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் சாஸ்திரம் வேண்டியிருக்கிறது.

நான் மனசு மாறவே இல்லை என்று நினைக்காதே. ஒரு சமயம் மாறினேன். ஐந்தாம் நாள், எல்லோரும் போய், வீட்டில் அவர் சட்டை மட்டும் ஆணியில் தொங்கும்போது, வந்தால் வரட்டுமே, ஒரு முறை பார்த்துக்கொள்வோமே என்று தோன்றியது. வாடா என்று சொல்ல உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, நல்லவேளை. இரண்டு நாள் கழித்து வார்டு ஆபீஸ் எழுத்தர் மாடி ஏறி வந்தார். அப்பாவின் பேரை அடிப்பதற்கு வீட்டுப் பட்டியலைக் கேட்டார். மூச்சு வாங்கினார், தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பேனாவால், ஸ்கேல் வைத்து, நேராக ஒரு கோடு போட்டார். பிறகு அதே பேனாவை உன் பேருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக, “மகன் காரியத்துக்கு வருவார் இல்ல? இந்தியாக்காரங்க வழக்கத்துல மகன்தானே எல்லாம் பண்ணணும்? எந்தத் தேதின்னு சொன்னா எழுதிக்குவேன்” என்று கேட்டார். அவர் முகத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை. அவரிடமும் மாசத்துக்கு இத்தனை தலை என்று மேலிடத்தில் கணக்குக் கேட்பார்கள். நம் வழக்கம் நமக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகன் தகப்பனுக்கு வருவான் என்று தெரிந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். “வரமாட்டான்” என்றேன். “அப்படியா?” என்று ஆச்சரியப்பட்டார். அந்த நிமிஷம்தான் நான் முடிவு செய்தேன்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி. நேற்று காலை நான் சுடுகாட்டுக்குப் போனேன். பதினோராம் நாள். உன் அப்பாவின் சாம்பலும் எலும்பும் வைத்த பானை, உனக்காக அங்கே அலமாரியில் இருந்தது. காவல்காரர், “மகன் வரலியா?” என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சிவப்புத் துணியில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு படித்துறைக்கு வந்தேன். எதிர்க்கரை டாலாவுக்குப் போகிற பெரிய படகில் போகவில்லை, அதில் கூட்டம். கோ ஜோ என்று சம்பான் என்கிற சின்னப் படகு ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார், அவர் படகுக்கு நிழல்துணி நான் தைத்தது. அவரிடம் பானையைக் காட்டினேன். மோட்டாரைத் துடைத்து, என்னை ஏற்றிக்கொண்டார். பாதி ஆறு போனதும் மோட்டாரை நிறுத்தினார். நான் துணியை அவிழ்த்தேன்.

“அக்கா, பொறு. காத்து உன் பக்கம் அடிக்குது. அப்படியே கொட்டினா உன் மேலதான் வரும். இந்தப் பக்கம் மாறி உக்காரு” என்றார் பர்மா பாஷையில்.

மாறி உட்கார்ந்தேன்.

“மகன் இல்லையா உனக்கு?”

“இருக்கான். அதனாலதான் நான் வந்தேன்.”

“என் பையன் காட்டுல இருக்கான்” என்றார். பட்டாளத்தோடா, பட்டாளத்தை எதிர்க்கிறவர்களோடா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்கு மந்திரம் தெரியாது. ஐயர் இல்லை, எள் இல்லை. அவர் பேரைச் சொன்னேன். துறைமுகத்தில் கூப்பிடுகிற பேரை அல்ல, அவருடைய பேரை, முழுதாக, சத்தமாக. உன் பேரையும் சொல்லி, அவன் சார்பாக என்றேன். சாம்பல் போவது தெரியவே இல்லை, ஆறு அதே நிறம். பானை மட்டும் முழுகாமல் மிதந்தது. படகை ஒட்டியே வந்தது. கடைசியில் கோ ஜோ துடுப்பால் அதைச் சாய்த்து, தண்ணீர் நிரம்பும்வரை பிடித்து அமுக்கினார். கரைக்கு வந்து கூலி கொடுத்தேன். வாங்கவில்லை.

இதை நான் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. உன் பெரியப்பாவுக்கு இன்னும் தெரியாது, இன்றைக்குச் சாயந்திரம் சொல்லப்போகிறேன். பெண்பிள்ளை கரைத்தது செல்லாது என்பார். கோயிலில் இரண்டு பேர் என்னோடு பேசமாட்டார்கள். பேசாதவர்கள் லிஸ்டில் ஏற்கெனவே நீ இருக்கிறாய், அதனால் மற்றவர்கள் பெரிதில்லை. உன்னுடைய கடைசிக் கடமையை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்த மாதிரி இதையும் எடுத்தேன். இரண்டாவது முறை யோசித்துத்தான் எடுத்தேன்.

தகப்பனைப் பற்றி அழ வேண்டும் என்றால் வேலை நேரத்தில் பாய்மரத்தின் மேல் தொங்கிக்கொண்டு அழாதே, இறங்கி வந்து அழு. கண்ணாடி நார்ப் பகுதியில் ஆள் குறைகிறது, ஒரு வாரம் போ என்று திரும்பக் கூப்பிட்டால் போகாதே. அந்த நேபாளப் பையனிடம் உன் அப்பா இறந்ததைச் சொல், யாராவது ஒருத்தருக்காவது அங்கே தெரிந்திருக்கட்டும். காய்ச்சல் வந்தால் மறைக்காதே, மறைப்பது எங்களிடமிருந்து உனக்கு வந்த கெட்ட பழக்கம். அந்த ஊர்ப் பெண் யாரையாவது பிடித்துப்போனால் எனக்குச் சம்மதம்தான், கேட்க வேண்டியதில்லை.

டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய். உனக்காக இங்கே வைத்திருந்த பானை ஆற்றுக்கடியில் இருக்கிறது. அலமாரி காலி. பதினாறாம் நாள் என்று ஒன்று இனி இல்லை. நீ வந்து பார்ப்பதற்கு இந்த ஊரில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். எனக்காக வராதே.